பட்டாளத்து லாரிக்குப் புதுத் தகரம்

கீழமணக்கரை
12.11.1967

தம்பி தியாகேசனுக்கு,

பன்னிரண்டு வருஷம் கழித்து அக்காவுக்கு நம் நினைவு எப்படி வந்தது என்று யோசிப்பாய். நினைவு வரவில்லை, லாரி கெட்டுவிட்டது. உண்மையைச் சொல்லிவிட்டேன், இனி நிம்மதியாகப் படி.

அப்பா யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தாரே, அதே லாரிதான். என்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. உடம்புதான் போய்விட்டது. நம் ஊர் உப்புக்காற்று இரண்டு பக்கத் தகரத்தையும் அடியிலிருந்து தின்றுகொண்டே வந்து இப்போது இடுப்பு உயரத்துக்கு ஏறிவிட்டது. இந்த வருஷம் முதல் தடவையாக ஆடுதுறை நெல் வாங்கி எல்லா நிலத்திலும் குறுவை போட்டேன். அறுத்து மண்டிக்கு அனுப்பியபோது ஓட்டை வழியாக நெல் ஒழுகி, வண்டிக்குப் பின்னால் கோழிகள் ஊர்வலம் போயிருக்கின்றன. டிரைவர் வீரையன் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது.

தகரம் முழுவதையும் மாற்றிவிடலாம் என்கிறார் காரியஸ்தர் துரைக்கண்ணு. ஓட்டையை மட்டும் அடைத்தால் போதும் என்கிறான் வீரையன். உன் அத்தான் இருந்திருந்தால் அவர் முடிவு செய்திருப்பார். அவர் போனபிறகு ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், நான் தலையாட்டுகிறேன். நீ கரந்தையில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்து நன்றாக நடத்துகிறாய் என்று கேள்விப்பட்டேன். ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா? நீயே பார்த்துச் சொல்.

நீ தாலி கட்டாமல் மேடையில் மாலை மாற்றிக்கொண்ட கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அந்தக் கோபத்தை லாரியின்மேல் காட்டாதே.

ஆனந்தவல்லி


கரந்தை, தஞ்சாவூர்
18.11.1967

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கமணியிடம் காட்டினேன். "பரவாயில்லை, லாரியாவது நம்மளை ஞாபகம் வச்சிருக்கு" என்றாள்.

நேரில் பார்க்காமல் முடிவு சொல்வதற்கில்லை. பொதுவாகச் சொன்னால், துரு மேலாக இருந்தால் சுரண்டி எடுத்து, போன இடத்தை மட்டும் வெட்டிப் புதுத் துண்டு வைத்துப் பற்றவைக்கலாம். அப்பா பெயர் எழுதிய கதவைத் தொடவே வேண்டாம். விரலால் அழுத்தினால் உள்ளே போகிற அளவுக்குத் துரு தின்றிருந்தால் மாற்றத்தான் வேண்டும். அப்படி மாற்றினாலும் பழைய கனத்துக்கே போட வேண்டும். அந்த வண்டியின் வயதுக்கு அதற்குமேல் பாரம் ஆகாது.

வீரையனிடம் கொடுத்து அனுப்புங்கள். சின்ன வயதில் நானும் அவனும் அந்த லாரியின் மட்கார்டில் உட்கார்ந்து சறுக்கியிருக்கிறோம். இப்போதும் அவன்தான் ஓட்டுகிறான் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

தியாகேசன்


கீழமணக்கரை
2.12.1967

தியாகேசா,

தாங்கள், தங்கள் என்று எழுத நான் என்ன தாசில்தாரா? அடுத்த கடிதத்திலும் அப்படி எழுதினால் படிக்காமல் அடுப்பில் போடுவேன்.

வீரையன் லாரியோடு வருகிறான். துரைக்கண்ணு சில வேலைகள் சொல்லியிருக்கிறார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன். இரண்டு பக்கமும் பழைய தகரத்தை எடுத்துவிட்டுக் கனத்த தகரம் போட வேண்டும். உயரம் ஆள் கழுத்துவரை வர வேண்டும், நடுவில் சந்து எதுவும் கூடாது. பின்கதவும் அதே உயரம். ஏறி இறங்கும் படிகளை எடுத்துவிட வேண்டும். பின்கதவுக்கு வெளிப்பக்கம் பெரிய தாழ்ப்பாள். டிரைவர் கண்ணாடிக்கு முன்னால் கம்பிவலை.

இங்கே நிலைமை சரியில்லை. வீரையன் தெருவில் இருக்கும் நம் பண்ணை ஆட்கள் கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கொடுத்தால்தான் அறுவடைக்கு இறங்குவோம் என்கிறார்கள். பக்கத்து ஊரில் ஒரு வைக்கோல்போர் எரிந்தது. நம் வயல் வரப்பில் சிவப்புக் கொடி நட்டிருக்கிறார்கள். வீரையனின் அம்மா காளியம்மாள், என் பிரசவத்துக்கு வந்து கால் பிடித்தவள், இப்போது என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள்.

எப்போது முடியும் என்று எழுது.

அக்கா


கரந்தை
7.12.1967

அக்கா,

லாரியைப் பார்த்தேன். அடிப்பக்கம் துரு அரித்திருக்கிறது, மேலே கெட்டியாகத்தான் இருக்கிறது. ஒட்டுப் போட்டால் இன்னும் நாலைந்து வருஷம் நெல் ஏற்றலாம். என் தீர்ப்பு அதுதான்.

ஆனால் நீ கேட்டிருப்பது நெல்லுக்கான வேலை இல்லை. நெல் மூட்டை எட்டிக் குதிக்காது, அதற்குக் கழுத்து உயரத்தில் தகரம் வேண்டாம். கல்லெறிக்குப் பயந்து போடுகிறாய் என்று முதலில் நினைத்தேன். பிறகு தாழ்ப்பாளை யோசித்தேன். கல்லுக்குப் பயந்தவன் தாழ்ப்பாளை உள்பக்கம்தான் போட்டுக்கொள்வான். நீ வெளிப்பக்கம் கேட்கிறாய். வெளியே இருப்பவன் உள்ளே வரக்கூடாது என்பதற்கா, உள்ளே இருப்பவன் வெளியே போகக்கூடாது என்பதற்கா?

வீரையனைக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தபிறகு சொன்னான்: "வெளியூர் ஆளுங்கள ஏத்தியாந்து அறுக்கப்போறாங்க. எங்க தெரு வழியாத்தான் நான் ஓட்டிக்கிட்டு வரணும். எங்காத்தா ரோட்டுல உக்காந்திருக்கும். நான் என்ன செய்யிறது, நீங்களே சொல்லுங்க."

அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உனக்குத் தெரிந்தால் எழுது.

தியாகேசன்


கீழமணக்கரை
15.12.1967

தியாகேசா,

தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம். உன் கட்சி கோட்டைக்குப் போய் உட்கார்ந்ததிலிருந்து உனக்கு வாய் நீண்டுவிட்டது.

போன வருஷம் துரைக்கண்ணு கூட்டிவந்த வெளியூர் ஆட்கள் கொடியைப் பார்த்ததும் லாரியிலிருந்து குதித்துத் திசைக்கு ஒருவராக ஓடிவிட்டார்கள். முற்றிய கதிர் மூன்று நாள் வயலில் நின்று உதிர்ந்தது. நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாள் அதற்குத்தான். களத்தில் இறக்கிவிட்டால் பிறகு அவர்கள் பாட்டுக்கு அறுப்பார்கள். யாரையும் யாரும் அடிக்கப்போவதில்லை.

அரைப்படி கொடுத்துவிடலாமே என்று நீ கேட்பாய். எனக்கும் மனசு இருக்கிறது. நான் ஒருத்தி கொடுத்தால் சுற்றியுள்ள மிராசுகள் எல்லாம் என்னை ஒதுக்கிவைப்பார்கள். புருஷன் இல்லாதவள் துணிந்து கொடுத்துவிட்டாள் என்று ஊரே பேசும். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

வாடகை லாரிக்காரன் எவனும் இந்தப் பக்கம் வரமாட்டேன் என்கிறான். இந்த ஒரு வண்டியை நம்பித்தான் என் அறுப்பு இருக்கிறது. சீக்கிரம் அனுப்பு.

அக்கா


கரந்தை
24.12.1967

அக்கா,

பழைய தகரத்தைக் கழற்றிவிட்டேன். இனி மாற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் நீ கேட்ட கனத்தில் தகரம் கிடைக்கவில்லை. திருச்சியில் சொல்லிவைத்திருக்கிறேன், பொங்கலுக்குள் வருவது சந்தேகம். வந்தபிறகு வெட்டி, வளைத்து, பற்றவைத்து, சாயம் அடிக்க வேண்டும். பொறுத்துக்கொள்.

தங்கமணி உனக்கு முறுக்கு கொடுத்தனுப்பியிருக்கிறாள். நீ சாப்பிடுவாயா மாட்டாயா என்று பந்தயம் கட்டியிருக்கிறோம்.

தியாகேசன்


கீழமணக்கரை
4.1.1968

தியாகேசா,

முறுக்கைச் சாப்பிட்டேன். உப்புக் கொஞ்சம் தூக்கல். பந்தயத்தில் யார் ஜெயித்தது?

தகரம் கிடைக்கவில்லை என்பது பொய் என்று துரைக்கண்ணு சொல்கிறார். நான் அவரை அதட்டினேன். என் தம்பி அப்படிச் செய்யமாட்டான் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா


கரந்தை
10.2.1968

அக்கா,

வண்டி வருகிறது. தை முடியப்போகிறது, இங்கே சுற்றுப்பக்கம் எல்லா வயலிலும் தாள்தான் நிற்கிறது. அறுப்பு முடிந்திருக்கும் என்ற தைரியத்தில் இப்போது உண்மையைச் சொல்கிறேன். துரைக்கண்ணு சொன்னது சரி. தகரம் மார்கழியிலேயே வந்துவிட்டது. பட்டறையில் அதன்மேல் சாக்கைப் போட்டு மூடிவைத்திருந்தேன். உன் அறுப்பு என்ன ஆனதோ, எப்படிச் சமாளித்தாயோ, எனக்குத் தெரியாது, வீரையனிடம் கேட்கவும் வெட்கமாக இருந்தது. நஷ்டம் ஆகியிருந்தால் என்னைத் திட்டு. லாரி வராததால் யாரோடாவது உட்கார்ந்து பேசி முடித்திருப்பாய் என்று எனக்கு ஒரு ஆசை.

ஏமாற்றியதற்குப் பரிகாரமாக வேலையை நீ கேட்டபடியே செய்திருக்கிறேன். கழுத்து உயரம், கனத்த தகரம், தாழ்ப்பாள், வலை, எல்லாம். இனி மூட்டை ஏற்றப்போகிற வண்டிதானே, இருந்துவிட்டுப் போகட்டும். சுத்தியலால் அடித்தாலும் நசுங்காது, உன் ஆயுசுக்குக் காணும். பழைய தகரமும் அப்பா பெயர் எழுதிய கதவும் என் பட்டறைச் சுவரில் சாய்ந்திருக்கின்றன. கதவையும் மாற்றும்படி ஆகிவிட்டது.

வீரையன் புதுத் தகரத்தைத் தட்டிப்பார்த்துக்கொண்டே இருந்தான். "கெட்டியாத்தான் இருக்குங்க" என்றான். அவன் முகத்தில் களை இல்லை. வீட்டில் ஏதாவது தகராறா?

தியாகேசன்


கீழமணக்கரை
15.2.1968

அருமைத் தம்பிக்கு,

உன்னைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். பிறகு உட்காரவைத்துச் சோறு போட வேண்டும். சாக்குப் போட்டு மூடிவைத்தானாம்! சின்ன வயதில் என் ஊஞ்சல் பலகையை ஒளித்துவைத்தவன்தானே நீ.

ஆனால் உன் திருட்டுத்தனம் பலிக்கவில்லை. பட்டணத்துக்காரனாகிவிட்டாய், அதனால் மறந்துவிட்டாய். தையில் அறுக்கிற சம்பா இந்த வருஷம் எங்களுக்கு ஏது? குறுவை அறுத்த நிலத்தில் இரண்டாம் போகமாகத் தாளடி நட்டிருக்கிறேன். இப்போதுதான் பழுத்து நிற்கிறது. எல்லோரும் அறுத்து முடித்த பிறகு என் வயல் மட்டும் தனியாக மஞ்சளாக நிற்பதைப் பார்க்கக் கண் கூசுகிறது. மாசி எட்டாம் தேதி அறுப்பு வைத்திருக்கிறோம். பார்த்துப் பார்த்து அனுப்பியதுபோல வண்டி சரியான நாளில் வந்து சேர்ந்தது.

துரைக்கண்ணு தெற்கே போய் ஆட்களுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பஞ்சம் பிழைக்க வருகிறவர்கள், நன்றாக அறுப்பார்களாம். விடிந்ததும் வடிகால் கரை வழியாக வண்டி வரும். தகரத்தைத் தட்டிப்பார்த்துவிட்டுத் துரைக்கண்ணு உன்னைப் புகழ்ந்தார். அவர் ஒருவரைப் புகழ்ந்து நான் கேட்டதே இல்லை.

அறுப்பு முடிந்ததும் தங்கமணியைக் கூட்டிக்கொண்டு வா.

அக்கா


கரந்தை
18.2.1968

அக்கா,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் என் தந்தி வந்து சேர்ந்திருக்கும். லாரியில் ஆள் ஏற்றாதே. ஒருவரைக்கூட ஏற்றாதே, வண்டி கவிழும்.

நான் நியாயம் பேச வரவில்லை. இது பட்டறைக்காரன் சொல்வது. அந்தத் தகரத்தின் கனம் முழுவதும் வண்டியின் மேல்பக்கம் நிற்கிறது. அடியில் நெல் மூட்டை இருந்தால் வண்டி அசையாது. ஆட்கள் நின்றுகொண்டு வந்தால் திருப்பத்தில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள், வண்டியும் சாயும். வடிகால் கரை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அங்கே மாட்டுவண்டியே நிதானித்துத்தான் திரும்பும். படியும் இல்லை, கைபிடிக்கச் சந்தும் இல்லை, தாழ்ப்பாள் வெளியே. நானே என் கையால் செய்தேன்.

குறுவை போட்டேன் என்று உன் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய். எடுத்துப் பார்த்தேன். அப்போதும் படித்தேன்தான். தகரத்தைப் பற்றி மட்டும் படித்திருக்கிறேன். குறுவை போட்டால் தாளடிதான், தாளடி என்றால் மாசிதான், இது தெரியாதவனா நான்?

வண்டியைத் திருப்பி அனுப்பு. கழற்றித் தருகிறேன். அரைப்படியைக் கொடுத்துவிடு, அக்கா. ஊர் ஒதுக்கிவைத்தால் எங்கள் வீட்டுக்கு வந்துவிடு.

தியாகேசன்


கீழமணக்கரை
1.3.1968

தம்பி,

பேப்பரில் பார்த்திருப்பாய். அதில் வந்தது போதாது என்று நானும் எழுத வேண்டியிருக்கிறது.

உன் தந்தி அறுப்புக்கு முதல்நாளே வந்துவிட்டது. அன்று முழுவதும் மடியில் வைத்திருந்தேன். துரைக்கண்ணுவைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்ல வாய்வரைக்கும் வந்தது. வாசலுக்குப் போனேன், வயலைப் பார்த்தேன், கதிர் பாரம் தாங்காமல் சாய்ந்துகிடந்தது. நிறுத்தச் சொல்லவில்லை. உன் கடிதம் மறுநாள் வந்தது, அதை இன்னும் பிரிக்கவில்லை.

விடிந்த நேரம். வீரையன் தெருக்காரர்கள் பாலத்தடியில் ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள், காளியம்மாள் முன்வரிசையில். வீரையன் தூரத்திலேயே பார்த்துவிட்டு அவர்கள்மேல் ஏற்றாமல் பக்கத்துக் களத்துப் பாதையில் திருப்பியிருக்கிறான். நீ தந்தியில் சொன்னபடியே ஆகிவிட்டது. வண்டி கரையில் உருண்டு வடிகாலில் தலைகீழாக விழுந்தது. மேட்டூர் அணையை மூடிவிட்டாலும் வடிகாலில் முழங்கால் தண்ணீரும் சேறும் இருந்தன. திறந்திருந்த மேல்பக்கம் சேற்றில் புதைந்துவிட்டது. பின்கதவு கரையில் இடித்து நின்றது, தாழ்ப்பாளை இழுக்க முடியவில்லை.

ஒரு கல்கூட விழவில்லை, தம்பி. நான் மாடியிலிருந்து பார்த்தேன். ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் எழுந்து ஓடி முதலில் தண்ணீரில் குதித்தார்கள். மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் தகரத்தை அடித்தார்கள். உள்ளேயிருந்தும் தட்டும் சத்தம் கேட்டது. தகரம் குழிந்தது, கிழியவில்லை. கொஞ்சநேரத்தில் வெளியே அடிக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. சேற்றைத் தோண்டி ஒரு பக்கமாக இழுத்துச் சிலரை எடுத்தார்கள். பதினோரு பேர் போய்விட்டார்கள். அதில் பெண்கள் நாலு பேர்.

வீரையனுக்கு இடுப்பெலும்பு முறிந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். போய்ப் பார்.

தெருக்காரர்கள் கல்லெறிந்து, வண்டியைக் கவிழ்த்து, கடப்பாரையால் தாக்கினார்கள் என்று கேஸ் எழுதப்போகிறார்களாம். தகரத்தில் அடையாளம் இருக்கிறதே என்கிறார் துரைக்கண்ணு. நான் பார்த்ததாகக் கையெழுத்துக் கேட்கிறார். நாளை மறுநாள் சொல்கிறேன் என்றிருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

அக்கா


கரந்தை
5.3.1968

அக்கா,

வீரையனைப் பார்த்துவிட்டு வந்தேன். கட்டிலைச் சுற்றிப் போலீஸ் நிற்கிறது. அவன் அழவில்லை, என்னைக் குற்றமும் சொல்லவில்லை. "பழைய தகரமா இருந்தா ஒரு உதை போதும்ங்க. எல்லாரும் வெளிய வந்திருப்பாங்க" என்று மட்டும் சொன்னான்.

பட்டறைக்கு வந்து சுவரில் சாய்த்திருந்த பழைய தகரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. மேலே கெட்டியாக இருக்கிறது என்று நான் சொன்ன இடமும்தான். சாயம் மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதைக் கழற்றாமல் விட்டிருந்தால் அந்தப் பதினோரு பேரும் இன்றைக்கு அவரவர் ஊரில் இருப்பார்கள்.

கையெழுத்துப் போடாதே. அந்தத் தகரத்தில் யாரும் கை வைக்கவும் விடாதே. அடி எல்லாம் வண்டி கவிழ்ந்து தகரத்தின் கீழ்விளிம்பு மேலே வந்தபிறகு விழுந்தது. ஓடுகிற வண்டியைக் கரையில் நின்று அடித்தவன் அந்தக் கோணத்தில் அடிக்கவே முடியாது. கோர்ட்டில் நான் வந்து சொல்கிறேன், ஒவ்வொரு குழியாகக் காட்டிச் சொல்கிறேன். அப்படிச் சொன்னால் இந்தத் தகரத்தை அடித்துக் கொடுத்தவன் நான்தான் என்பதும் வெளியே வரும். வரட்டும்.

நீ மாடியிலிருந்து பார்த்ததை அப்படியே சொல். உன்னிடம் நான் கேட்பது இந்த ஒன்றுதான்.

உன் தம்பி


கீழமணக்கரை
9.3.1968

தம்பி,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நான் மூன்றாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

சுற்றுவட்டாரத்து மிராசுகள் எல்லோரும் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் மிரட்டவில்லை. காப்பி குடித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போடாவிட்டால் பதினோரு உயிரும் என் தலையில் விழும் என்று துரைக்கண்ணு மெதுவாகச் சொன்னார். போட்டேன். தெருவில் ஆண்கள் ஒருவர் இல்லை, எல்லோரையும் பிடித்துப் போய்விட்டார்கள்.

தகரத்தில் யாரும் கை வைக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறாய். போலீஸ் பார்த்து எழுதிக்கொண்டு வண்டியை விட்டுவிட்டது. முந்தாநாள் மாடு கட்டி இழுத்து, வேறு லாரியில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். நசுங்கியதைத் தட்டி எடுப்பதா, புதிதாகப் போடுவதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. எல்லாவற்றையும் புதிதாகப் போடச் சொல்லிவிட்டாராம் துரைக்கண்ணு.

நெல் இன்னும் வயலில்தான் நிற்கிறது. அறுக்க ஆள் இல்லை.

இன்று காலை காளியம்மாள் வாசலுக்கு வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. படிக்குக் கீழேயே நின்று, "கல்லு எறிஞ்சத நீங்க பாத்தீங்களாம்மா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள். இதை எழுதும்போதும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள்.

நான் உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டேன். பயந்தவனைப் பற்றி நீ அன்றைக்கு எழுதியது சரிதான், தம்பி. தாழ்ப்பாளை உள்பக்கம்தான் போட்டுக்கொண்டேன்.

அக்கா